நகலெடுத்த பாட்டும் விற்காமல் போன கேசட்டும்

ஒரு பாட்டை யாராவது நகலெடுத்தால் ஒரு கேசட்டோ ஒரு சி.டி.யோ விற்காமல் போயிற்று என்று கணக்குப் போடும் வழக்கம் இசைத்தட்டுத் தொழிலில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. இணையத்தில் பாட்டுகள் கைமாறத் தொடங்கிய பிறகு அந்தக் கணக்கே நீதிமன்ற வாதமாகவும் சட்டத் திருத்தமாகவும் காவல்துறை நடவடிக்கையாகவும் உருவெடுத்தது. வடசென்னையில் பிறந்து வளர்ந்து, தண்டையார்பேட்டையில் என் சித்தப்பா நடத்திய ரெக்கார்டிங் சென்டரில் பள்ளி விடுமுறைகளையும் கல்லூரி மாலைகளையும் கழித்த என்னால் அந்தக் கணக்கை முழுதாக ஏற்க முடிந்ததில்லை. நகலெடுத்ததால் யாருக்கும் ஒரு நட்டமும் நேரவில்லை என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடு கிடையாது. நட்டம் இருந்தது. யாருடைய நட்டம் எண்ணப்பட்டது, யாருடைய நட்டம் எண்ணப்படவே இல்லை என்பதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

ரெக்கார்டிங் சென்டர் எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைக்கு அந்தக் கடைகளே இல்லை. வாடிக்கையாளர் வெற்று கேசட் ஒன்றைக் கொண்டுவருவார், அல்லது எங்களிடமே வாங்கிக்கொள்வார். 60 நிமிட கேசட் என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிடம். ஐந்து நிமிடப் பாட்டாக இருந்தால் பக்கத்துக்கு ஆறு. 90 என்றால் மொத்தம் பதினெட்டுப் பாட்டு பிடிக்கும். நோட்டுத்தாளில் எழுதிய பட்டியலைக் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று நாள் கழித்து வருவார்கள். முதலடி நினைவில்லாதவர்கள் நடுவிலிருந்து பாடிக் காட்டுவார்கள். எந்தப் படம் என்று சித்தப்பா சொல்லிவிடுவார். பக்கம் முடியும் இடத்தில் பாட்டு பாதியில் அறுந்துவிடக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு பாட்டின் நிமிடத்தையும் நொடியையும் குறித்து வைத்த ஒரு பேரேடு கடையில் இருந்தது. அலமாரியில் இருந்த இசைத்தட்டுகளும் ஒரிஜினல் கேசட்டுகளும் சித்தப்பா காசு கொடுத்து வாங்கியவை. கம்பெனிக்கு எங்கள் கடையால் கிடைத்த விற்பனை, படத்துக்கு ஒரு பிரதி. அந்த ஒன்றிலிருந்து எத்தனை நகல் போயிற்று என்பதை எண்ணி வைத்தவர் யாருமில்லை.

வந்தவர்கள் துறைமுகத்தில் சுமை தூக்கியவர்கள், காசிமேட்டு விசைப்படகுக்காரர்கள், பின்னி மில் தொழிலாளர்கள், எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளுக்குத் தைத்துக் கொடுத்தவர்கள், ஆட்டோ ஓட்டியவர்கள். கடலுக்குப் போகும் ஒருவர், "அண்ணா, இந்த ஒரு பாட்ட மட்டும் ரெண்டு தடவ போட்டுக் குடுங்க, கடல்ல திருப்பித் திருப்பிக் கேக்கணும்" என்று பட்டியலில் கோடிழுத்துக் காட்டிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவருக்கு வேண்டியது பல படங்களில் ஒவ்வொன்றிலிருந்து ஒரு பாட்டு. கம்பெனி விற்றதோ ஒரு படத்தின் எல்லாப் பாட்டுகளையும் சேர்த்து ஒரு கேசட், அல்லது இரண்டு படங்களைப் பக்கத்துக்கு ஒன்றாக வைத்து ஒரு கேசட். அவர் கேட்ட பன்னிரண்டு பாட்டை ஒரிஜினலாக வாங்க வேண்டுமென்றால் ஏழெட்டு கேசட் வாங்க வேண்டும். அது அவருடைய பல நாள் கூலி. எங்கள் கடை இல்லாதிருந்தால் அவர் அந்த ஏழெட்டு கேசட்டையும் வாங்கியிருப்பார் என்று எவரும் எனக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அவர் வானொலியைக் கேட்டிருப்பார், டீக்கடையில் நின்றிருப்பார்.

இருந்தாலும் எல்லோரும் அவரைப் போன்றவர்கள் இல்லை. புதுப் படத்தின் ஆறு பாட்டையும் அப்படியே ஒரு 60 கேசட்டில் ஏற்றிக் கொடுக்கச் சொன்னவர்களும் வந்தார்கள். அவர்களில் பலரால் ஒரிஜினல் வாங்க முடியும். பக்கத்துத் தெருவில் ஒரிஜினல் மட்டுமே விற்ற ஒரு கடைக்காரர் எங்கள் கடையைப் பார்த்து வருத்தப்பட்டதற்கு நியாயம் இருந்தது. பதிப்புரிமைச் சட்டம், 1957, இதைத் தெளிவாகவே குற்றம் என்கிறது: அதன் 63ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். அந்தக் காலத்தில் வடசென்னையின் எந்தக் கடைவீதியிலும் அந்தப் பிரிவை நினைத்துக் கடை திறந்தவரும் இல்லை, பட்டியல் எழுதிக் கொடுத்தவரும் இல்லை.

பிறகு எம்பி3 என்ற சுருக்கிய ஒலிக்கோப்பு வந்தது. ஒரு நிமிட இசைக்கு ஏறக்குறைய ஒரு எம்.பி. என்ற அளவுக்குப் பாட்டு சுருங்கியதுதான் எல்லா மாற்றத்துக்கும் வேர். 1999 ஜூனில் பாஸ்டன் நகரில் கல்லூரியில் சேர்ந்திருந்த ஷான் ஃபேனிங் என்ற இளைஞர் நாப்ஸ்டரை வெளியிட்டார்; ஒருவர் கணினியில் இருக்கும் பாட்டை உலகின் எந்த மூலையில் இருப்பவரும் தேடி எடுத்துக்கொள்ள அது வழி செய்தது. இசைக் கம்பெனிகள் வழக்குத் தொடுத்தன. 2001 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கம்பெனிகளின் பக்கம் நின்றது. அந்த ஆண்டு ஜூலையில் நாப்ஸ்டர் நின்றுபோனது. அதற்குள் வேறு பெயர்களில் வேறு மென்பொருள்கள் முளைத்துவிட்டன.

சென்னையில் இந்த வரலாறு வேறு மாதிரி நடந்தது. வீட்டில் இணையம் வைத்திருந்தவர்கள் எங்கள் பக்கத்தில் மிகக் குறைவு. பிரவுசிங் சென்டரில் மணிக்கு முப்பது நாற்பது ரூபாய் கொடுத்து உட்கார்ந்தால், தொலைபேசி வழி இணைப்பில் ஐந்து எம்.பி. அளவுள்ள ஒரு பாட்டு இறங்கக் கால் மணி நேரத்துக்கும் மேலாகும். அதாவது இலவசம் என்று சொல்லப்பட்ட ஒரு பாட்டின் அடக்கவிலை பத்து ரூபாய். அதே காலத்தில் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே, 1969இல் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக உருவான பர்மா பஜாரில், நூற்று நாற்பது பாட்டுக்குக் குறையாத ஒரு எம்பி3 சி.டி. நாற்பது ஐம்பது ரூபாய்க்குக் கிடைத்தது. 700 எம்.பி. கொள்ளளவை ஐந்தால் வகுத்துப் பார்த்தால் அந்த எண்ணிக்கை வந்துவிடும். அமெரிக்க மாணவர்கள் கம்பி வழியாகப் பகிர்ந்துகொண்டதை நாங்கள் தட்டு வழியாகப் பகிர்ந்துகொண்டோம். அந்த சி.டி.தான் என் சித்தப்பாவின் கடையை மூட வைத்தது. பன்னிரண்டு பாட்டைப் பதிந்து கொடுக்க ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்ட கடை, நூற்று நாற்பது பாட்டைப் பத்தே நிமிடத்தில் நகலெடுக்கும் இயந்திரத்தோடு எப்படிப் போட்டி போட முடியும்?

அமெரிக்க இசைத்தட்டுத் தொழிலின் ஆண்டு வருமானம் 1999இல் 1,460 கோடி டாலராக இருந்தது. பதினைந்து ஆண்டுகளில் அது ஏறக்குறைய 700 கோடி டாலராகச் சரிந்தது. சரிவு தொடங்கிய ஆண்டும் நாப்ஸ்டர் வளர்ந்த ஆண்டும் ஒன்றாக இருந்ததால் காரணம் வெளிப்படையாகத் தெரிந்தது போலிருந்தது. ஆனால் இதைக் கணக்காகச் சோதித்துப் பார்த்த பொருளியலாளர்கள் ஒரே முடிவுக்கு வரவில்லை. அவர்களுடைய முறைகளைப் பற்றிப் படித்தபோது, சித்தப்பாவின் கடையில் நான் பார்த்த மனிதர்களே அந்த எண்களுக்குள் நிற்பதாக எனக்குத் தோன்றியது.

ஃபெலிக்ஸ் ஓபர்ஹோல்சர்-கீ, கோல்மன் ஸ்ட்ரம்ஃப் என்ற இருவர் 2002ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பதினேழு வாரங்கள் கோப்புப் பகிர்வுச் சேவையகங்களில் பதிவான சுமார் 17.5 லட்சம் பதிவிறக்கங்களை எடுத்து, 680 ஆல்பங்களின் அமெரிக்க விற்பனையோடு ஒப்பிட்டார்கள். நேரடியாக ஒப்பிடுவதில் ஒரு சிக்கல் உண்டு. மக்கள் விரும்பும் ஆல்பம் அதிகமாக விற்கவும் செய்யும், அதிகமாகப் பதிவிறக்கவும் படும். எனவே பதிவிறக்கம் கூடினால் விற்பனையும் கூடுவது போலத் தோன்றும். இந்தச் சிக்கலைத் தாண்ட அவர்கள் ஜெர்மனியின் பள்ளி விடுமுறைகளைப் பயன்படுத்தினார்கள். அங்கே விடுமுறை விட்டால் மாணவர்கள் வீட்டில் கணினியைத் திறந்து வைப்பார்கள். அமெரிக்கர்களுக்குப் பதிவிறக்கக் கூடுதல் கோப்புகள் கிடைக்கும். ஆனால் ஜெர்மன் விடுமுறைக்கும் அமெரிக்கக் கடையில் ஒரு ஆல்பம் விற்பதற்கும் வேறு எந்தத் தொடர்பும் இருக்க வழியில்லை. அந்த வாரங்களில் அமெரிக்க விற்பனை விழுந்ததா என்று பார்த்தார்கள். விற்பனையின் மீதான விளைவைப் புள்ளியியல் முறைப்படி சுழியத்திலிருந்து பிரித்தறிய முடியவில்லை என்று 2007இல் வெளியான கட்டுரையில் எழுதினார்கள். ஸ்டான் லீபோவிட்ஸ் போன்ற பொருளியலாளர்கள் இதைக் கடுமையாக மறுத்தார்கள்.

என் மனத்துக்கு அதைவிட நெருக்கமாக இருப்பது ரஃபேல் ராப், ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற இருவரின் ஆய்வு. அவர்கள் கல்லூரி மாணவர்களிடம் எதைப் பதிவிறக்கினீர்கள், எதை வாங்கினீர்கள் என்று நேரடியாகக் கேட்டார்கள். பதிவிறக்கிய ஒவ்வொரு ஆல்பத்துக்கும் விற்பனை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்பது அவர்கள் கண்டது. அதாவது ஐந்து ஆல்பம் இறக்கினால் ஒன்று விற்காமல் போகிறது. 1999 முதல் 2003 வரை வெளியான புகழ்பெற்ற ஆல்பங்களுக்கு அந்த மாணவர்கள் செலவிட்ட தொகை, தலைக்கு 126 டாலரிலிருந்து 100 டாலராகக் குறைந்தது என்றும், அதே வேளையில் அவர்கள் அடைந்த நலம் தலைக்கு 70 டாலர் மதிப்புக்குக் கூடியது என்றும் மதிப்பிட்டார்கள். அந்த எழுபது டாலரில் பெரும்பகுதி, வாங்கவே போகாதவர்களுக்குக் கேட்கக் கிடைத்த பாட்டின் மதிப்பு. கம்பெனியின் பேரேட்டில் அதற்குப் பத்தி கிடையாது. கடலில் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்ட மனிதரின் மகிழ்ச்சியை எந்தப் பத்தியில் எழுதுவார்கள்?

அந்தச் சரிவுக்கு வேறு காரணங்களும் இருந்தன. தொண்ணூறுகளில் சி.டி. விற்பனை உயர்ந்ததில் ஒரு பங்கு, பழைய இசைத்தட்டையும் கேசட்டையும் வைத்திருந்தவர்கள் அதே பாட்டுகளை மறுபடி வாங்கியதால் வந்தது. அது ஒருமுறைதான் நடக்கும். 2003 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனம் ஐடியூன்ஸ் கடையைத் திறந்து ஒரு பாட்டை 99 சென்ட்டுக்கு விற்கத் தொடங்கியதும், ஒரு பாட்டுக்காக ஆல்பம் முழுவதையும் வாங்க வேண்டிய கட்டாயம் சட்டப்படியே முடிந்துபோனது. வேண்டிய பாட்டை மட்டும் எடுத்துக்கொடுப்பது என்ற அந்த ஏற்பாட்டைத் தண்டையார்பேட்டையில் பட்டியல் எழுதிக் கொடுத்தவர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்டவர்களுக்குச் சட்டப்படி விற்க அன்றைக்கு யாரும் முன்வரவில்லை.

தண்டனைகள் யார் மேல் விழுந்தன என்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. அமெரிக்க இசைத்தட்டுத் தொழில் சங்கம் 2003 செப்டம்பரில் 261 தனிமனிதர்கள் மேல் வழக்குத் தொடுத்தது. முதல் சுற்றிலேயே பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் பெயர் இருந்தது. 2008 இறுதியில் இந்த வழக்கு முறையைக் கைவிடுவதாகச் சங்கம் அறிவிக்கும் வரை பல்லாயிரம் பேர் இதில் சிக்கினார்கள். பெரும்பாலோர் சில ஆயிரம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டார்கள். ஒத்துப்போகாமல் நின்ற ஒரு பெண்ணுக்கு, 24 பாட்டுகளுக்காக, முதல் விசாரணையில் 2,22,000 டாலரும் இரண்டாவது விசாரணையில் 19.2 லட்சம் டாலரும் விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டில் கடைசியாக நிலைத்தது 2,22,000. ஒரு பாட்டுக்கு 9,250 டாலர். அந்தப் பாட்டு கடையில் 99 சென்ட். இத்தனை வழக்குக்குப் பிறகும் பகிர்வு நிற்கவில்லை.

தமிழ்நாட்டில் 2004இல் எடுத்த வழி இதைவிடக் கடுமையானது. குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தில் வீடியோ திருட்டில் ஈடுபடுவோரும் சேர்க்கப்பட்டார்கள். திரைப்படத்தின் நகலோடு, படத்தின் ஒலித்தடத்தில் எந்தப் பகுதியையும் கொண்ட பதிவும் அந்த வரையறைக்குள் வருகிறது. ஆக, சினிமாப் பாட்டு ஏற்றிய எம்பி3 சி.டி.யும் அதில் அடங்கும். அந்தச் சட்டத்தின்படி ஒருவரை வழக்கு விசாரணை முடியும் முன்பே, தடுப்புக் காவலாக ஓராண்டு வரை வைத்திருக்க முடியும். பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவு விசாரித்த பிறகு தண்டிப்பது. இது விசாரிக்காமலே அடைப்பது. திருட்டு சி.டி. வியாபாரத்தில் பெரும் பணம் பார்த்தவர்கள் இருந்தார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. முதல் பிரதியை உருவாக்கியவர், ஆயிரக்கணக்கில் அச்சடித்தவர், மொத்தமாக அனுப்பியவர் எல்லோரும் திரைக்குப் பின்னால் இருப்பவர்கள். நடைபாதையில் தார்ப்பாயை விரித்து நூறு சி.டி.யை அடுக்கி உட்கார்ந்தவரே எல்லோர் கண்ணிலும் பட்டவர். ஒரு பதிப்புரிமைக் குற்றத்தைக் கள்ளச்சாராயத்தோடும் அடிதடியோடும் ஒரே சட்டத்தில் வைத்தது அளவுக்கு மீறிய செயல் என்றே இன்றும் நினைக்கிறேன்.

பகிர்வையும் தடையையும் ஒரே படத்தில் பார்த்த அனுபவமும் நமக்கு உண்டு. 2011 நவம்பரில், 'ஒய் திஸ் கொலவெறி' பாட்டின் முழுமையடையாத வடிவம் இணையத்தில் கசிந்தது; அதனால்தான் படக்குழு அந்தப் பாட்டை அவசரமாக முறைப்படி வெளியிட்டது. யூட்யூபில் யார் வேண்டுமானாலும் இலவசமாகக் கேட்கக் கிடைத்த அந்தப் பாட்டு சில வாரங்களில் தமிழ் தெரியாத நாடுகளுக்கெல்லாம் போயிற்று. கசிந்ததும் பகிரப்பட்டதும் அதன் மதிப்பைக் குறைக்கவில்லை, கூட்டின. அடுத்த ஆண்டு அந்தப் பாட்டு இடம்பெற்ற படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில், பெயர் தெரியாத எதிர்தரப்பை 'அசோக் குமார்' என்று வைத்து வழங்கும் தடையாணை பெறப்பட்டது. அதைக் காட்டி 2012 மே மாதம் இணைய இணைப்பு தரும் நிறுவனங்கள், காணொளித் தளமான விமியோ போன்ற தளங்களை முழுதாகவே முடக்கின. அந்தப் படத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத லட்சக்கணக்கான பக்கங்களும் சேர்ந்து மறைந்தன. குறிப்பிட்ட முகவரியை மட்டுமே தடுக்க வேண்டும், தளம் முழுவதையும் தடுக்கக் கூடாது என்று ஜூனில் நீதிமன்றம் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது.

பாட்டை உருவாக்கியவர்களின் வயிற்றில் அடிக்காதீர்கள் என்ற முழக்கம் எல்லாத் திருட்டு சி.டி. எதிர்ப்புக் கூட்டங்களிலும் ஒலித்தது. அந்த முழக்கத்தில் இருக்கும் அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரிஜினல் கேசட் ஒன்று விற்றால் அதை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் பாடியவருக்கும் என்ன போய்ச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டாமா? 1977இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, படத்துக்காகக் கூலி பெற்று எழுதிக்கொடுத்த பாட்டின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், தயாரிப்பாளரே. அவர் உரிமையைக் கம்பெனிக்கு விற்றுவிடுவார். அதற்குப் பிறகு கேசட் ஒன்று விற்றாலும் ஒரு லட்சம் விற்றாலும், பாட்டாசிரியர் பலருக்குக் கிடைத்தது முதலில் கைநீட்டி வாங்கிய தொகை மட்டுமே. மாநிலங்களவையில் இந்திப் பாட்டாசிரியர் ஜாவேத் அக்தர் போன்றவர்கள் வாதாடிய பிறகு, 2012 ஜூனில் நடைமுறைக்கு வந்த திருத்தம்தான், திரையரங்குக்கு வெளியே பாட்டு பயன்படும்போதெல்லாம் ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையைப் பாட்டாசிரியரும் இசையமைப்பாளரும் கம்பெனிக்கு எழுதிக்கொடுக்க முடியாதபடி செய்தது. ரெக்கார்டிங் சென்டர்களும் எம்பி3 சி.டி.களும் கொடிகட்டிப் பறந்த காலம் முழுவதும் அந்தப் பாதுகாப்பு இல்லை. நகலெடுத்தவர்கள் படைப்பாளியிடமிருந்து பறித்தார்கள் என்றால், பறிக்கும் முன்பே அவருடைய கை பெரும்பாலும் காலியாகத்தான் இருந்தது.

சினிமாவை விட்டுவிட்டு எங்கள் ஊரின் சொந்தப் பாட்டான கானாவுக்கு வந்தால் இந்த உண்மை இன்னும் கூர்மையாகத் தெரியும். வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் ராயபுரத்திலும் சாவு வீடுகளில் இரவு முழுக்க விழித்திருந்து, இறந்தவரின் வாழ்க்கையை அந்த இடத்திலேயே சொல் கோத்துப் பாடியவர்கள் கானாக்காரர்கள். டோலக்கும் கையில் கிடைத்த பாத்திரமும் தாளத்துக்குப் போதும். கூட்டத்தில் யாரோ ஒருவர் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்வார். அந்த கேசட் கைமாறும். எங்களைப் போன்ற கடைகளுக்கு வந்து பத்தாகும், நூறாகும். பாடியவருக்கே தன் குரல் எண்ணூர் வரை போய்விட்டது தெரியாது. இன்னொரு பேட்டையிலிருந்து கச்சேரிக்குக் கூப்பிட ஆள் வரும்போதுதான் தெரியவரும். கானாவுக்கு நகலே விளம்பரம், நகலே விநியோகம். அவர்களைப் பதிவு செய்து விற்கக் கம்பெனிகள் அப்போது வரிசையில் நிற்கவில்லை என்பதால், அந்த நகல்கள் எந்தக் கம்பெனியின் விற்பனையையும் குறைத்திருக்க முடியாது.

அந்தப் பாடகருக்குச் சட்டம் என்ன வைத்திருந்தது என்று தேடிப் படித்தபோது நான் அடைந்த வேதனையை எழுதாமல் இருக்க முடியவில்லை. 1994ஆம் ஆண்டுத் திருத்தம் வரை, 'இசைப் படைப்பு' என்பதற்கு நம் சட்டம் கொடுத்த விளக்கம், அச்சிடப்பட்ட, எழுத்தில் வடிக்கப்பட்ட, அல்லது வரிவடிவில் பதிக்கப்பட்ட இசையை மட்டுமே ஏற்றது. எழுதாமல் பாடிய மெட்டு சட்டத்தின் கண்ணில் படைப்பே இல்லை. பாடுபவருக்கு நிகழ்த்துநர் உரிமை என்ற ஒன்றும் அதே திருத்தத்தில்தான் வந்தது. மாறாக, ஒலிப்பதிவின் உரிமை அதைப் பதிவு செய்ய முன்முயற்சி எடுத்தவருக்கு, அதாவது தயாரிப்பாளருக்கு, உரியது. ஆகவே 1985இல் ஒரு சாவு வீட்டில் விடிய விடியப் பாடியவர் தன் மெட்டின் மேல் உரிமை கோர வழியில்லை. டேப் ரெக்கார்டரை அழுத்தியவர் தன் பதிவின் மேல் உரிமை கோரலாம். கானாக்காரர்கள் பலர் சினிமா மெட்டையே எடுத்துத் தங்கள் சொல்லைப் போட்டுப் பாடினார்கள் என்பதும் உண்மை. சினிமாவும் கானாவிடமிருந்து தாராளமாக எடுத்துக்கொண்டது என்பதும் உண்மை. எடுத்தது இரு பக்கமும் நடந்தது. ஆனால் வழக்குப் போடும் வசதி ஒரு பக்கத்தில் மட்டுமே இருந்தது. 2006இல் கானா உலகநாதன் தன் பாட்டோடு திரையிலேயே தோன்றியபோது எங்கள் பக்கத்தில் எழுந்த மகிழ்ச்சிக்குக் காரணம், பாட்டோடு பாடியவரின் பெயரும் முகமும் சேர்ந்து போனதுதான்.

இப்போது எம்பி3 சி.டி.யும் இல்லை. அதற்குப் பின் வந்த, மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுத்த செல்போன் கடைகளும் அந்த வேலையை விட்டுவிட்டன. வழக்கும் கைதும் செய்யாததை 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு விழுந்த டேட்டா விலை செய்தது. கையிலிருக்கும் போனில் எந்தப் பாட்டும் சட்டப்படி, விளம்பரத்தோடு இலவசமாகக் கிடைக்கும்போது முப்பது ரூபாய் கொடுத்துப் பாட்டு ஏற்றிக்கொள்ள யார் வருவார்கள்? பழைய பாட்டுகளை வைத்திருக்கும் சரிகம நிறுவனம் 2017இல் ஆயிரக்கணக்கான பாட்டுகளை உள்ளே வைத்து கார்வான் என்ற பெட்டியைக் கொண்டுவந்தபோது, அதில் இருக்கும் பாட்டெல்லாம் இணையத்தில் கிடைக்கும் என்று தெரிந்தே மக்கள் ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கினார்கள். என் வீட்டில் அம்மாவுக்கு நாங்களும் வாங்கினோம். ஒரு பொத்தானைத் திருகினால் பாட்டு வரும் வசதிக்கு அவர்கள் விலை கொடுத்தார்கள். உலக அளவில் பதிவிசை வருமானம் 2014இல் அடிமட்டத்தைத் தொட்டு, பிறகு ஆண்டுதோறும் ஏறி, 2024இல் 2,960 கோடி டாலரை எட்டியது. அதில் 69 விழுக்காடு ஸ்ட்ரீமிங்கிலிருந்து வந்தது.

இந்தப் பணம் பிரிக்கப்படும் முறை கானாக்காரருக்கு உதவுவதாக இல்லை. பெரும்பாலான ஸ்ட்ரீமிங் சேவைகளில் சந்தாவும் விளம்பரமும் ஒரே தொகையாகச் சேர்க்கப்பட்டு, மொத்தக் கேட்டலில் யாருக்கு எவ்வளவு பங்கோ அந்த விகிதத்தில் உரிமையாளர்களுக்குப் போகிறது. நான் மாதம் முழுவதும் கானா மட்டுமே கேட்டாலும் என் சந்தா அப்படியே அவருக்குப் போய்ச் சேராது. நாடு முழுவதும் எல்லோரும் கேட்டதோடு கலந்து, பெரிய கம்பெனிகளின் பங்கில் பெரும்பகுதி கரைந்துவிடும். அந்தச் சிறு பங்கைப் பெறுவதற்கும் பாட்டு அவருடைய பெயரில் ஏற்றப்பட்டிருக்க வேண்டும், பாட்டை எழுதியவர் அவர் என்றால், பாட்டாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலித்துக் கொடுக்கும் ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும். இன்றைய இளம் கானாப் பாடகர்கள் இதைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். அவர்களில் பலர் சொந்தமாக யூட்யூப் சேனல் வைத்திருக்கிறார்கள், பாட்டின் கீழே எழுதியவர் பெயரையும் தாளம் போட்டவர் பெயரையும் விடாமல் குறிப்பிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு நிறைவாக இருக்கிறது.

என் கவலை பழைய கேசட்டுகளைப் பற்றியது. வடசென்னை வீடுகளின் பரணில் கிடக்கும் அந்தப் பதிவுகளை இப்போது பலர் கணினியில் ஏற்றி, தங்கள் சேனலில் போடுகிறார்கள். பாடியவர் பெயர் இருக்காது, போட்டவர் பெயர் மட்டும் ஓரத்தில் ஓடும். ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு பதிப்புரிமை உண்டு. 1990இல் வெளியானது 2050 முடியும் வரை யாரோ ஒருவருக்கு உரியது. அந்த 'யாரோ' பெரும்பாலும் தெரியாது என்றாலும், எழுதியவர் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை 57ஆம் பிரிவு தனியாகப் பாதுகாக்கிறது. அது உரிமையை விற்ற பிறகும் போகாது. இப்படிப்பட்ட கேசட் உங்களிடம் இருந்தால், ஏற்றும் முன் பாடியவர் யார், எந்தப் பேட்டை, எந்த வீட்டில் எந்த ஆண்டு பாடினார், டோலக் யார் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள். பாடியவரோ அவர் பிள்ளைகளோ இருந்தால் போய்க் கேட்டுவிட்டுப் போடுங்கள். அதில் காசு வந்தால் அவர்களுக்கும் பங்கு கொடுங்கள். சித்தப்பா கடையில் மீந்த சுமார் ஒரு பெட்டிக் கேசட்டை வைத்துக்கொண்டு நானும் இதைத்தான் செய்துவருகிறேன். சிலவற்றில் பக்கவாட்டுச் சீட்டில் 'கானா, வியாசர்பாடி' என்று மட்டும் இருக்கிறது. குரலைக் கேட்டு ஆளைச் சொல்லக்கூடியவர்கள் அந்தப் பக்கத்தில் இருந்தால் எனக்கு எழுதுங்கள்; பதிவை எடுத்துக்கொண்டு நேரில் வருகிறேன்.